ஜாடியில் நாற்பத்தேழு

மூன்றரை மணிக்குக் கடைசி மணி அடித்ததும் பள்ளிக்கூடம் காலியாகிவிடும். ஒன்றாம் வகுப்பு அறையில் மட்டும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பன்னிரண்டு பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் பட்டன்கள். சட்டைப் பட்டன், கோட்டுப் பட்டன், இரண்டு ஓட்டை உள்ளது, நாலு ஓட்டை உள்ளது, உடைந்து பாதியாகிப் போனது. பாதிப் பட்டனை ஒன்றென்று எண்ணலாமா கூடாதா என்று அந்த வட்டத்தில் ஒரு வாரம் முழுக்கச் சண்டை நடந்திருக்கிறது.

அந்தக் கணக்கு கிளப்பை நடத்திய ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பட்டன் டீச்சர். வாரத்தில் மூன்று நாள், சம்பளத்தில் சேராத வேலை. வீட்டில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மற்ற ஆசிரியர்கள், "இன்னைக்கு எத்தனை பட்டன் தைச்சீங்க?" என்று கேலி பேசுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கிளப்பின் வழக்கம் எளிது. ஜாடியைப் பார்த்து எத்தனை இருக்கும் என்று ஒவ்வொருவரும் தோன்றியதைச் சொல்ல வேண்டும். சரி, தப்பு என்று டீச்சர் வாயே திறக்க மாட்டாள். "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பாள். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் காரணம் சொல்வார்கள். அப்புறம் கொட்டி எண்ணிப் பார்ப்பார்கள். விரல் விட்டு எண்ணலாம், வாய்விட்டு எண்ணலாம், தரையில் கோடு போடலாம். யாராவது புதுப் பட்டன் கொண்டுவந்தால் யாரையும் கேட்காமல் ஜாடியில் போட்டுவிடலாம். அதனால் போன வாரத்து விடை இந்த வாரம் உதவாது. அதைத்தான் அவளும் விரும்பினாள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு முணுமுணு என்று பெயர். எண்ணும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஆறு வயது. பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவரின் மகள், ஜாடிப் பட்டன்களில் பாதி அந்தக் கடையில் இருந்து வந்தவை. வகுப்பு ஆசிரியை அவளை மந்தம் என்று முடிவு கட்டியிருந்தார். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது, அவ்வளவுதான் குற்றம். "இது தேறாதுங்க" என்று அந்த அம்மாள் தையல்காரரிடம் குழந்தையை வைத்துக்கொண்டே சொன்னபோது, முணுமுணு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளப்பிலும் முதல் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள், "ஒன்பதும் ஆறும் எப்படிப் பதினைஞ்சாச்சு?" என்ற கேள்விக்கு எல்லோரும் விரல் விட்டுக்கொண்டிருக்க, "ஆறுல இருந்து ஒன்னை எடுத்து ஒன்பதுகிட்ட குடுத்துட்டேன் டீச்சர். அது பத்தாயிடுச்சு. இதுல அஞ்சு இருக்கு" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகக் கண்டுபிடித்த வழி அது. பட்டன் டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைத்ததில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியைத் தடம் புரளவைக்க ஒரு கடிதம் வந்தது. கல்வி அதிகாரி கிளப்பைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளிலும் இதைப்போலத் தொடங்கச் சொல்வார், இந்தப் பள்ளிதான் முன்மாதிரி. தலைமையாசிரியர் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கிளப்புக்குள் வந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஒரு பையன் ஜாடியில் முப்பது என்றான். ஒருத்தி நூறு என்றாள். இன்னொருவன் யோசித்து, "ஆயிரம், இல்லன்னா இருபது" என்றான். தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அவர் கெட்டவர் அல்ல. பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்ற ஒரே கவலையில் தலைமுடி கொட்டிப்போனவர். டீச்சரைத் தனியாக அழைத்து, அதிகாரி முன்னால் ஆளுக்கொன்று உளறினால் மானம் போய்விடும், விரல் விடுவதையும் உதடு அசைவதையும் முதலில் நிறுத்துங்கள் என்றார். உளறுவதில்தான் பாடமே இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, கையெழுத்துப் பயிற்சிக்கு இந்த அறையைப் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கிளப்பால் பலனில்லை என்றால் கொடுக்க வேண்டியதுதான் என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள்தானே டீச்சர். அன்னைக்கு மட்டும் சரியாச் சொல்லட்டும். மத்த நாளெல்லாம் உங்க இஷ்டம்."

அவள் ஒப்புக்கொண்டாள். அறை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும்: பட்டன் தைக்கிறவள் என்று கேலி செய்தவர்கள் முன்னால் ஒருமுறை கைதட்டு வாங்க அவளுக்கும் ஆசை இருந்தது.

மறுநாளில் இருந்து ஒத்திகை. ஜாடியில் நாற்பத்தேழு பட்டனை எண்ணிப் போட்டு மூடினாள். எல்லோரும் நாற்பத்தேழு என்றால் சந்தேகம் வரும் என்று ஊகங்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தாள். நீ நாற்பது என்று சொல்ல வேண்டும், நீ ஐம்பத்தைந்து, நீ நாற்பத்தைந்து. சொல்வதற்கு முன் கன்னத்தில் விரல் வைத்து, மனதுக்குள் மூன்று எண்ணும் நேரம் யோசிப்பதுபோல இருக்க வேண்டும். யோசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு யோசிப்பதுபோல நடிக்கக் கற்றுக்கொடுத்தாள். கடைசியாகச் சரியான விடையைச் சொல்லும் பங்கை முணுமுணுவுக்குத் தந்தாள். அந்த வகுப்பு ஆசிரியை கண்ணால் பார்க்கட்டும் என்பது அவள் கணக்கு.

முணுமுணு ஒன்றே ஒன்று கேட்டாள். "நாங்க எண்ண வேண்டாமா டீச்சர்?"

"வேண்டாம் கண்ணு. நானே எண்ணிட்டேன்."

அதிகாரி வந்த அன்று அறை அமர்க்களப்பட்டது. சுவரில் புதுச் சாயம், வாசலில் பூச்சாடி, ஓரமாக மற்ற ஆசிரியர்கள், போட்டோ எடுக்க ஒருவர். அதிகாரி ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, ஜாடியில் எத்தனை இருக்கும் என்று கேட்டார். பிள்ளைகள் கன்னத்தில் விரலை வைத்தார்கள். நாற்பது என்று குரல் வந்தது. ஐம்பத்தைந்து வந்தது. ஆயிரம் சொன்ன பையன் சமர்த்தாக நாற்பத்தைந்து என்றான். அதிகாரி தலையாட்டினார். தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது.

முணுமுணுவின் முறை வந்தது. அவள் கன்னத்தில் விரல் வைக்கவில்லை. ஜாடியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுபது."

தலைமையாசிரியர் இருமினார். வகுப்பு ஆசிரியை பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பட்டன் டீச்சர் ஜாடியைப் பார்த்தாள். நாற்பத்தேழு பட்டன் அவ்வளவு உயரம் வராது. மேலாக, நேற்று இல்லாத பெரிய கறுப்புக் கோட்டுப் பட்டன்கள் கிடந்தன. யாரோ போட்டிருக்கிறார்கள். குழந்தை சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து மாதமாக நாளுக்கு நூறு முறை கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்டிருந்தால் போதும். எப்படித் தெரியும்?

அவள் கேட்கவில்லை.

"பயந்துட்டா சார். நாற்பத்தேழுதான். சொல்லும்மா, நாற்பத்தேழு."

சிரிப்பு குழந்தையின் முகத்தில் இருந்து போனது. அவள் ஜாடியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "நாற்பத்தேழு" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். யாரும் ஜாடியைத் திறந்து எண்ணிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மகளை அழைத்துப் போகத் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"டீச்சர், எழுபதுன்னு சொன்னாளா?" என்றார் ஆவலாக. "பெரியவங்க வர்ற நாளாச்சேன்னு காலையில கோட்டுப் பட்டன் இருபத்திமூணு குடுத்தனுப்பினேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவ, மூணை எடுத்து நாற்பத்தேழுகிட்ட குடுத்தா அம்பது, மிச்சம் இருபது, மொத்தம் எழுபதுப்பாங்கிறா. நான் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேங்க. சரியா எழுபது. டீச்சருக்கு முன்னாடியே சொல்லாதீங்க, நான் அங்க சொல்லி அசத்தப் போறேன்னு குதிச்சா."

ஆறு வயதில் அப்படி ஒரு கணக்கை மனதில் போட வைப்பதற்காகத்தான் அவள் அந்தக் கிளப்பையே தொடங்கினாள். அது நடந்தது. எல்லோர் முன்னாலும் நடந்தது. அதன் வாயைப் பொத்தியவளும் அவளே. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முணுமுணு அப்பாவின் கையை இழுத்தாள்.

"தப்புப்பா. நாற்பத்தேழுதான்."

தையல்காரர் மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கும்பிடு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த கிளப் நாளில் டீச்சர் ஜாடியை நடுவில் கொட்டினாள். எண்ணச் சொன்னாள். பிள்ளைகள் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினார்கள். ஏழு குவியல் வந்தது. எழுபது. அன்றைக்குத் தப்புச் சொன்னது நான்தான், முணுமுணு சொன்னதுதான் சரி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். பிறகு முணுமுணுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று பட்டனை எடுத்து மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்ப கீழே எத்தனை இருக்கும்? நீ சொல்லு கண்ணு."

முணுமுணு பட்டன்களைப் பார்க்கவில்லை. உதடு அசையவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைன்னு சொல்லணும் டீச்சர்?"

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையோடு உள்ளே வந்தார். வாயெல்லாம் பல். அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. எல்லாப் பள்ளிகளும் உடனே கணக்கு கிளப் தொடங்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு பள்ளியும் கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கி, அதில் நாற்பத்தேழு பட்டன்களைப் போட்டு மூடி வைக்க வேண்டும் என்று உத்தரவு. கீழே முன்மாதிரி ஆசிரியை என்று அவள் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

டீச்சர் காகிதத்தைப் படித்தாள். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"எண்ணத் தெரியாத குழந்தைக்கு நாம எண்ணச் சொல்லிக் குடுத்துடலாம் சார். சரியா எண்ணின குழந்தைய, நாலு பேர் கைதட்டணும்னு நாம பொய்யாக்கிட்டா, அப்புறம் அது எண்ணவே எண்ணாது. நம்ம மூஞ்சியப் பார்த்துத்தான் பதில் சொல்லும். அப்படிச் சொல்றதுக்கு ஒருத்திய நான் பழக்கிட்டேன். மத்த பள்ளிக்கூடத்துலயும் அதைச் செய்யச் சொல்லி என் பேரைப் போடாதீங்க."

தலைமையாசிரியர் காகிதத்தை மடித்துக்கொண்டு, அது ஏற்கெனவே எல்லாப் பள்ளிக்கும் போய்விட்டது, உங்கள் கையெழுத்து வெறும் சம்பிரதாயம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். முணுமுணு இன்னும் டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி விடைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.