பூனைங்க சாப்பிட்டுச்சா

கைரூனிசா சமையலறை மூலையில் குந்தி உட்கார்ந்து மூன்றாவது தட்டையும் பூனைகளுக்கு முன்னால் நகர்த்தினாள். ஒரு பூனை, சம்பால், ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. பிறகு அசிங்கத்தை மண்போட்டு மூடுவதுபோலத் தட்டைச் சுற்றித் தரையைப் பறண்டியது. இன்னொன்று, அச்சார், அந்தச் சிரமம்கூடப் படவில்லை. அடுப்போரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"மம்மி, எந்திரிங்க. வந்தவங்க எல்லாம் உங்களத்தான் கேக்குறாங்க," என்றாள் மகள் நவால்.

"வரேன்னு சொல்லு. இது என்னது?"

"சூரை மீன், ஜெல்லி போட்டது. இந்தக் கடைத்தெருவுல இதுக்கு மேல ஒசத்தி கிடையாது."

"ஒசத்தியாம். மூக்கோட நிறுத்திக்கிச்சு."

பஜர் தொழுகைக்கு முன்னால் கண்ணை மூடிய கணவர் மோக்சீனை நடு அறையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்குத் தூக்கினால்தான் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்ச் சேர முடியும். இப்போது மணி பதினொன்று. தென்கிழக்குக் காற்று பின்வாசல் கதவை அடித்து அடித்துச் சாத்திக்கொண்டிருந்தது. சால்ட் ரிவர் பேட்டை முழுக்க இந்த வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி கூட்டம். யார் யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். கைரூனிசாவுக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. கண் கடிகாரத்துக்கும் தட்டுக்குமாக ஓடியது.

விடியற்காலையில் அவர் கேட்ட கடைசிக் கேள்வி, "நீசா, பூனைங்க சாப்பிட்டுச்சா?" என்பதுதான். "சாப்பிட்டுச்சு, நல்லா சாப்பிட்டுச்சு," என்று சொன்னாள். பச்சைப் பொய். அவர் படுக்கையில் விழுந்து ஐந்து நாள். முதல் இரண்டு நாள் ஏதோ கொறித்த பூனைகள், மூன்று நாளாக எதையும் வாயில் வைக்கவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்று கால்நடை மருத்துவர் போனில் எச்சரித்திருந்தார். பூனைகள் பிழைக்க வேண்டும், அது ஒன்று. ஆனால் அவர் இந்த வாசலைத் தாண்டுவதற்குள் தான் சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும், அதுதான் அவளைக் குந்தவிடாமல் எழவிடாமல் அலைக்கழித்தது.

பெரிய பானையோடு உள்ளே வந்தாள் ருகையா, மோக்சீனின் அக்காள், கைரூனிசா 'தீத்தி' என்று கூப்பிடும் நாத்தனார். தரையில் கிடந்த பூனைத் தீனி பாக்கெட்டுகளைப் பார்த்ததும் பானையை டங்கென்று வைத்தாள்.

"என்ன இது? அவன் வீட்டுல, அவன் கிடக்கும்போதே?"

"மீன்தான், தீத்தி. நல்லாப் படிச்சுப் பாத்துத்தான் வாங்கினோம்."

"படிச்சீங்களா? அவன் படிச்ச மாதிரி யாரு படிப்பா? பெருநாள் சாப்பாட்டுல, அத்தனை பேரு முன்னால, என் பூனைத் தீனி டப்பாவ எடுத்து பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சான். 'விலங்குப் பொருட்கள்'னு போட்டிருக்கு, எந்த விலங்குன்னு போடலையே அக்கா, பன்னியா இருந்தா என்ன செய்வீங்கன்னான். பதினோரு டப்பா. அத்தனையும் குப்பையில கொட்டினேன். மீனு வேகவச்சுக் குடுத்தா என் பூனை அடுத்த வீட்டுக்கே குடிபோயிருச்சு."

"தெரியும், தீத்தி."

"ஆனா சொன்னபடி நின்னான். அதச் சொல்லணும்." ருகையா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நின்றார்தான். ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் ஹேக் மீன் தலைகளைத் தானே வேகவைப்பார். சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "நீ வராதே. நீ வந்தா அதுங்க கூச்சப்படும்," என்பார். சட்டி காலியாகத்தான் திரும்பும். அதே பக்குவத்தில் கைரூனிசா ஐந்து நாளாக வேகவைக்கிறாள். இன்று வெந்ததும் அப்படியே சட்டியில் ஆறிக் கிடக்கிறது.

குளிப்பாட்டுகிறவர் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து, "இன்னொரு வாளி இருக்குமா?" என்று கேட்டார்.

வாளி முற்றத்துக் கொட்டகையில் இருந்தது. கொட்டகைச் சாவி எப்போதும் மோக்சீனின் கழுத்துக் கயிற்றில் கிடக்கும். காலையில் அதை அவிழ்த்து அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் பூட்டைத் திறந்த சத்தத்துக்கு இரண்டு பூனைகளும் அவள் காலை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. ஆணியில் தொங்கிய அவருடைய பழைய கம்பளிக் கோட்டைப் பிடித்துப் பின்னங்காலில் நின்று, பையை நகத்தால் பிறாண்டிக் கத்தின. மூன்று நாளாக வாய் திறக்காத பூனைகள்.

அவள் பையில் கைவிட்டாள். ஒரே மாதிரி இரண்டு பூனைத் தீனி பாக்கெட்டுகள் வந்தன. கோட்டுக்குக் கீழே, பெயின்ட் டப்பாவுக்குள், கழுவி மடித்து வைத்த வெறும் உறைகள் நூறாவது இருக்கும். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு வரியைப் பால்பாயின்ட் பேனாவால் அடித்துவிட்டிருந்தார். மசியை மீறி எழுத்து தெரிந்தது. விலங்குப் பொருட்கள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது வருஷம் தன்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாரே என்ற கோபம். பிறகு, அந்த மனிதர் இந்த இருட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், ஒரு வரியை அடித்து அடித்துத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கோட்டில் புதைத்துக்கொண்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் சொன்ன பொய்யை அவர் நம்பியிருக்கவே மாட்டார். சாவி தன் கழுத்தில் இருக்கும்போது அவை எதைச் சாப்பிட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"மம்மி, வாளி!" என்று நவால் கூப்பிட்டாள்.

வாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, பாக்கெட்டைப் பிரித்துக் கல்மேல் பிதுக்கினாள். பூனைகள் இரண்டும் தலையை முட்டிக்கொண்டு, வேறு உலகமே இல்லாததுபோலத் தின்றன.

கபன் துணி சுற்றிக் கட்டி முடித்துவிட்டார்கள் என்று சொல்ல ருகையா முற்றத்துக்கு வந்தவள், பூனைகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சாப்பிடுதே. என்ன குடுத்த?"

கைரூனிசா உறையைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள். பதினோரு டப்பாவும் ஓடிப்போன பூனையும் ஒரு கணம் நாக்கின் நுனிவரை வந்தன.

"ஹேக்தான், தீத்தி. அவரு குடுக்குற மாதிரியே குடுத்தேன்."

"பாத்தியா, என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று ருகையா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். கைரூனிசா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பன்னிரண்டரைக்கு ஆண்கள் தூக்கினார்கள். வீட்டு நடை குறுகல். சந்தூக்குப் பெட்டியைச் சாய்த்துத் திருப்பும்போது அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அது முகத்தருகே வந்தபோது, "சாப்பிட்டுச்சு," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பி, காற்றோடு போயிற்று.

அவள் ஹேக் சட்டியை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தாள். கொட்டகைக் கூரைமேல் ஏழெட்டுக் கடற்புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்தத் தெருவில் நம் கூரைதானா இதுகளுக்குக் கிடைத்தது என்று ஒன்பது வருஷமாக அவரிடம் முறையிட்டிருக்கிறாள்.

கைரூனிசா பின்கதவைச் சாத்தினாள். சட்டியிலிருந்து ஒரு மீன் தலையை எடுத்துக் கூரைமேல் வீசினாள்.