இடது கால்

கலையரசி அந்தத் தடித்த ரெக்கார்டு நோட்டை என் மடியில் வைத்துப் பேனாவையும் திறந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. படித்துக் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை நான். எனக்கு எழுதத் தெரிந்ததே ராசாங்கம் என்கிற என் பேர் ஒன்றுதான். என் அண்ணன் ஊரை நம்பிக் கைநாட்டு வைத்தே கொல்லைக்காட்டைத் தொலைத்தவன்.

"படிச்சுக் காட்டு."

"நேரமாவுது மாமா. எங்களுக்குப் பாடம் எடுக்கற சுமதி மேடம் பத்து மணி பஸ்ல வந்துடுவாங்க. தாலுக்கா ஆபீஸ்லகூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்க."

"பஸ்ஸு வரட்டும். நீ படி."

கலையரசி என் மருமகள். மகன் சரத்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், மாதத்துக்கு ஒருதரம் வருவான். பேரன் அறிவரசனுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திருச்சி வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். டாக்டருக்கு டாக்டர் ஒன்று சொன்னார்கள். கடைசியில் இவள், நானே படிக்கிறேன் என்று சர்க்கார் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி பி.எட். சேர்ந்துவிட்டாள். சனி ஞாயிறு பெரம்பலூரில் வகுப்பு. பெற்ற பிள்ளையை வளர்க்க ஒரு பட்டமா என்று கேட்டேன். அவள் பஸ் ஏறிப் போனாள். பாஸானால் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு டீச்சராகலாம், இவனையும் கூடவே பள்ளிக்கூடம் கூட்டிப் போகலாம் என்பது அவள் எண்ணம்.

அவள் இல்லாத நாளில் பையன் என் பொறுப்பு. எங்கள் வீடு ரோட்டை ஒட்டியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் பகல் பூராவும் ஓடும். இவனுக்கு அந்தச் சக்கரங்கள் மேல் பைத்தியம். சத்தம் கேட்டால் போதும், ஓடுவான். எனக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. முதல் சனிக்கிழமையே ரோட்டு ஓரம் வரை போய்விட்டான். பிரேக் அடித்த டிரைவர் இறங்கி என் சாதி சனம் எல்லாவற்றையும் திட்டிவிட்டுப் போனான். மறுவாரம் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து, பையனின் இடது காலைக் கட்டிலோடு கட்டினேன். கயிறு இல்லை, துணிதான். தடம் விழாமல் பார்த்துத்தான் கட்டினேன்.

கட்டிப்போடுவதும் அடிப்பதும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாக அவள் சொல்லியிருந்தாள். அதனால் சாயங்காலம் அவள் வருவதற்குள் அவிழ்த்துத் துணியை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிடுவேன்.

அவள் படித்தாள். பையனுக்குச் செருப்புப் போடப் பழக்குவதை ஐந்து படியாகப் பிரித்து எழுதியிருந்தாள். உட்காருவது ஒன்று, காலைத் தூக்குவது இரண்டு, அப்படியே பட்டையை ஒட்டுவது வரை. மூன்று மாதம் இரண்டாம் படியிலேயே நின்றானாம். ஆகஸ்ட்டிலிருந்து, எதிரே ஆள் உட்கார்ந்தாலே போதும், எவர் உதவியும் இல்லாமல் காலைத் தூக்கி நீட்டுகிறானாம். அந்த இடத்தில் அவளுக்குக் குரல் மாறியது. இதை வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்களாம். மேடம் நேரிலேயே பார்க்க வருகிறார். பரீட்சைக்கு வரும் வெளி ஆளிடம் இந்த ரெக்கார்டைத்தான் வைக்கப் போகிறார்களாம்.

"கத்துக்கிட்டான் மாமா. ஒம்பது வருசத்துல மொத தடவ."

கற்றுக்கொண்டது எனக்குத் தெரியும். யாரிடம் என்பதும் தெரியும். துணியோடு நான் எதிரே குந்தினால் முதலில் உதைத்தான், பிறாண்டினான். ஆறேழு வாரம் கழித்து ஒருநாள் கேட்காமலேயே காலை நீட்டினான். வேலை குறைந்தது என்று எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசி வரியை அவள் வாசித்தாள். வீட்டில் பார்த்துக்கொள்பவராகிய நான், மேலே கண்டது உண்மை என்று உறுதி கூறுகிறேன். அதன் கீழே கோடு.

சொன்னால் அடுத்த சனிக்கிழமை பையனை என்னிடம் விட மாட்டாள். படிப்பு அதோடு நிற்கும். சொல்லாவிட்டால் அந்தப் பொய்க்குக் கீழே என் பேர் நிற்கும்.

"ரெண்டு காலையும் நீட்டுறானா?" என்று கேட்டேன்.

"வலது காலத் தூக்கவே மாட்டேங்கறான் மாமா. அதான் புரியல. மேடம்கிட்ட கேக்கணும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இருவது வருசமா இதே வேலைல இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

பஸ் ஹாரன் கேட்டது. "போட்டு வைங்க மாமா" என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டு நிறுத்தத்துக்கு ஓடினாள்.

கதவைத் தாழ் போட்டேன். பேனா கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் புதுச் செருப்பில் வலது காலுக்கானதை எடுத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த பையனுக்கு எதிரே குந்தினேன். வலது முட்டியைத் தொட்டேன். இந்தக் கால்டா, இதத் தூக்குடா என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். இடது காலைத் தூக்கி நீட்டினான். நான் செருப்பைப் பிடித்தபடியே இருந்தேன். அவனும் காலை நீட்டியபடியே இருந்தான்.

ரோட்டில் லாரி ஒன்று போனது. அவன் எழுந்தான். ஓடத்தான் போகிறான் என்று நினைத்தேன். நேரே அரிசி டிரம்முக்குப் போய்ப் பின்னால் கையை விட்டு, அந்தத் துணியை இழுத்து வந்து, நான் பிடித்திருந்த செருப்பின் மேல் போட்டான். திரும்பவும் பழைய இடத்தில் உட்கார்ந்து இடது காலை நீட்டினான்.

வாசலில் இரண்டு பெண்களின் பேச்சுக் குரல். கலையரசி, "மாமா, கதவத் தொறங்க" என்றாள்.