குரலுக்கு இறங்கும் கோழிகள்

செவலைக் கோழி முட்டையிட்டால் அந்தத் தெருவுக்கே தெரியும். இட்ட பிறகு கொக்கரிப்பது எல்லாக் கோழிக்கும் உள்ளதுதான். இது இடுவதற்கு அரை மணி முன்பே ஆரம்பித்து, இட்ட பிறகும் ஒரு மணி நேரம் விடாது. பக்கத்து வீட்டு அஸ்பாக் நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தலை சாய்க்கிற நேரமாகப் பார்த்துத்தான் அதற்கு முட்டை வரும். ஆறு மாதம் பொறுத்தவன், மெஷினுக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டதாக ஒரு நாள் சுவரில் கையூன்றிச் சொன்னான். அவன் கோபப்படாமல் சொன்னதுதான் மரியசெல்வத்தை உறுத்தியது. இதை அனுப்பிவிட்டு, சாதுவானதாகப் பார்த்து வளர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

"எதுக்கு அனுப்பணும்? ஒரு கிலோ தேறும்ணே. ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே முடிச்சிர்றேன்" என்றான் அஸ்பாக்.

மரியசெல்வம் பத்திர எழுத்தர். வீட்டில் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்கத் தேவையிருக்காது. அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதில்லை. செவலையையும் அப்படித்தான் பழக்கியிருந்தார்: உள்ளங்கையில் கம்பு தானியத்தை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார், அது வந்து கொத்தும்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் பூந்தோட்டம் வைத்திருக்கும் அய்யம்மாள், அவரிடம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்து பழக்கமானவள். கூடையில் வைத்துத் துணியால் மூடி, பஸ்ஸில் கொண்டுபோய்ச் செவலையை அவளிடம் விட்டார். குழம்பில் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டு, பதிலுக்கு இன்னும் முட்டைக்கு வராத வெடைக்கோழிகள் ஐந்தைப் பிடித்துக் கூடையில் போட்டாள்.

இடம் பழக வேண்டும் என்று இரண்டு நாள் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தார். மூன்றாம் நாள் திறந்துவிட்டார். கோழி பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். அவரிடம் அது மூட்டை மூட்டையாக இருந்தது. உள்ளங்கை நிறையக் கம்போடு பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். ஐந்தும் அருகில் வராமல் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. பொழுது சாய்ந்ததும் சுவர் தாண்டிப் பறந்து அஸ்பாக் வீட்டு வேப்பமரத்தில் அடைந்துவிட்டன.

காலையில் மரத்தடியில் இறகுகள் கிடந்தன. மரநாய் வேலை. மரியசெல்வம் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தோட்டத்தில் பத்திரமாக இருந்ததைக் கொண்டுவந்து பலி கொடுத்திருக்கிறோம் என்ற எண்ணம் அன்று எழுதிய பத்திரங்களுக்கு நடுவே வந்து வந்து போனது. சாயங்காலம் முந்தின நாளைவிட அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். மிச்சமிருந்த நான்கும் மறுபடி மரமேறின. இருட்டுவதற்குள் இறக்கியாக வேண்டும். வேறு வழியின்றி அய்யம்மாளுக்குப் போன் செய்தார்.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். கூப்பிடுவதில்லை என்றார்.

"கூப்பிடாமயா வச்சிருக்கீக? அதுக குஞ்சுல இருந்து சத்தத்துக்கு வளந்ததுகண்ணே. நீங்க சும்மா உக்காந்திருந்தா கல்லு கெடக்குன்னுல்ல நெனைக்கும்."

ஸ்பீக்கரில் போட்டு மரத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். "ப்பா… ப்பா… ப்பாபாபா" என்று அந்தத் தோட்டமே போனிலிருந்து கிளம்பி வந்தது. கிளையில் நான்கு தலைகள் ஒன்றாகத் திரும்பின. ஒன்று சுவருக்கு இறங்கியது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் திரும்பக் கிளைக்கே போய்விட்டது.

"தெனமும் நான் போன்ல கத்திக்கிட்டு இருக்க முடியுமா? கோழி இப்ப உங்க வீட்டுது. நீங்க கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். செவலை அத்தனை சத்தம் போட்டது யாரைக் கூப்பிட என்று அப்போதுதான் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம், ஷிப்டுக்குக் கிளம்பிய அஸ்பாக் டிபன் பையோடு பார்த்துக்கொண்டிருந்தான். சத்தமே இருக்காது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே தம்பி என்றார் அவனிடம்.

"சாயங்காலம் எம்புட்டு வேணாலும் கத்துங்கண்ணே. நான் முழிச்சுத்தான இருக்கேன்."

முதல் முறை இருமல் மாதிரி வந்தது. கோழிகள் சட்டை செய்யவில்லை. இரண்டாவது கொஞ்சம் தேறியது. அஸ்பாக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது பிரசங்கம் கேட்கிறவர் குரல், பிரசங்கம் வைக்கிறவர் குரல் வேண்டும் என்றான். மரியசெல்வம் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. முதல் கோழி சுவரில் குதித்து, கழுத்தை நீட்டி, அவர் வாயையே பார்த்தது. பிறகு முற்றத்தில் இறங்கி ஓடி வந்தது. அடுத்தடுத்து இரண்டு வந்தன.

கடைசிக் கோழி கிளையிலேயே இருந்தது. ஊரை ஒட்டிய மலைக்கோட்டைப் பக்கம் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அஸ்பாக் கிளம்பிப் போய்விட்டான். அவர் கம்பைத் தரையில் இறைத்துக்கொண்டே கூப்பிட்டார். குரல் கம்மியது, மறுபடி எடுத்தார். மரத்தின் நிறமும் கோழியின் நிறமும் ஒன்றாகிக்கொண்டிருந்தபோது, சிறகடிக்கிற சத்தம் கேட்டது. காலடியில் வந்து விழுந்த மாதிரி இறங்கியது.

நான்கையும் கூட்டுக்குள் விட்டுக் கொக்கியை மாட்டினார். தொண்டை எரிந்தது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.