பறுவத்துக்கு இனிக்கும் கிணறுகள்

கலாநிதி சிவகரன் தன் ஆய்வுக்கூடத்துச் செயற்கை நுண்ணறிவை 'அவர்' என்றுதான் சொல்வான். "அவர் பாத்துக்கொண்டிருக்கிறார்." "அவர் இரவிரவாய் நித்திரையில்லை." "அவர் சொன்னால் பிழைக்காது." புங்குடுதீவில் தனியே இருந்த தாய் சரோஜினிதேவி, அவர் யாரோ பெரிய பேராசிரியர் என்று நம்பி, ஒருநாளைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அவருக்கு நண்டுக்கறி ஒத்துவராது என்று விளங்கப்படுத்த மகனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் கிணற்று நீரை ஆராய்வதென்றால் வாளியும் கையுமாக வீடு வீடாய் ஏறி இறங்க வேண்டும். ஏறிய வீடெல்லாம் தேத்தண்ணி தரும். ஆராய்ச்சி பாதி முடிவதற்குள் வயிறு முழுதாய் முடிந்துவிடும். சிவகரன் அந்தத் துன்பத்தை ஒழித்தான். ஊர்ச் சங்கத்தின் தயவில் இருபது சொச்சம் கிணறுகளில் உவர் அளக்கும் கருவிகளை மிதக்கவிட்டு, தான் யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய அறையில் அமர்ந்துகொண்டான். கருவிகள் அனுப்புவதை அவர் வாசிப்பார். அவர் எழுதுவதை இவன் வாசிப்பான். உவர்க் கிணறு படத்தில் சிவப்பு, நல்ல தண்ணீர் பச்சை. அந்தப் படத்தை எவரும் கைபேசியில் பார்க்கலாம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்த ஊரவர்கள், முகம் கழுவுமுன் தங்கள் வீட்டுக் கிணற்றைப் பார்த்தார்கள்.

முதலில் தீவு முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. சில மாதங்களில் அதிசயம் தொடங்கியது. முழுநிலவுப் பறுவம் வந்தால் கிணறுகள் பச்சையாகும். சில நாளில் மஞ்சளாகி, மறுபடி சிவக்கும். நிலவின் இழுவையில் நிலத்தடி நன்னீர் மேலெழுகிறது என்று அவர் ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்து, சூத்திரங்களும் வரைபடங்களுமாய் ஒரு கட்டுரையையும் எழுதிக் கொடுத்தார். ஆளில்லாத கதிர்காமு வளவுக் கிணறு ஒன்றுதான் நிலவுக்கு மசியாமல் எப்போதும் சிவந்தே கிடந்தது. கருவி பழுதாயிருக்கலாம் என்றார் அவர். சிவகரன் அந்தக் கிணற்றை ஆய்விலிருந்து தூக்கிவிட்டான்.

கட்டுரையை ஜேர்மனியில் ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. அடுத்த கிழமை பயணம். கோட்டும் தைத்தாயிற்று. அங்கே பெயரெடுத்தால் தற்காலிக விரிவுரையாளர் என்ற பட்டத்தில் முன்பாதி உதிர்ந்துவிடும். கிணறு பச்சையாவதைப் படம் பிடித்துக்கொண்டு போனால் சபை எழுந்து நிற்கும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆகவே பறுவத்துக்கு வரும் போயா விடுமுறையன்று காலை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து இறங்கினான்.

"ஒரு போன் எடுத்திருக்கலாமே தம்பி," என்றார் தாய். மகனைக் கண்டால் முகம் மலர்கிறவர், இன்று கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்குப் பறுவம் அம்மா. எங்கடை கிணறு பச்சையாகிறதைப் படம் எடுக்கப் போறன்."

"வெயிலுக்கை நிண்டு என்னத்தை எடுக்கிறது? போய்க் கொஞ்சம் படன்."

அவன் தேத்தண்ணியை உறிஞ்சினான். "பாத்தீங்களே ருசியை. எங்கடை கிணத்துத் தண்ணியெல்லே."

சரோஜினிதேவி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

சிவகரன் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து கமராவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, வளவுக்குள் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஒன்று பின்பக்கமாக நுழைந்தது. அதை ஓட்டிவந்த ஊர்காவற்றுறை வின்சன்ற் இறங்கி, குழாயை இழுத்துக் கிணற்றுக்குள் விட்டுத் திறந்தார்.

"அக்கா, முழுக்க விடட்டே? இன்னும் கன வீடு கிடக்கு."

அப்போதுதான் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழும்பியது.

"அண்ணை, தண்ணியைக் கிணத்துக்கை விடுறியள்."

"நீர் நிக்கிறது தெரியாது தம்பி." வின்சன்ற் குழாயைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். "ஓம், கிணத்துக்கைதான். அதுக்குத்தானே சொல்லிவிட்டவை."

கைபேசி கிணுகிணுத்தது. சிவப்புப் புள்ளி மஞ்சளாகிப் பச்சையானது. அதன் கீழே அவர் எழுதியிருந்தார்: 'வாழ்த்துகள். நிலவின் விளைவு எதிர்பார்த்தபடியே தொடங்கியுள்ளது.'

"அம்மா."

தாய் குசினி வாசலுக்கு வந்தார். "நான் என்ன செய்ய? உன்ரை படத்திலை எங்கடை கிணறு சிவப்பு. பக்கத்து வளவு இராசமணி கனடாவிலை இருந்து எடுத்துக் கேக்கிறா, 'மோன் தண்ணிக்குக் கலாநிதியாம், வீட்டுக் கிணறு உவராம்' எண்டு. எனக்கு எப்படி இருக்கும்? ஒருக்கால் ஊத்திப் பச்சையாக்கினன். உடனை அவவும் தன்ரை வீட்டுக்கு ஊத்துவிச்சா. பிறகு எல்லாரும்தான்."

"பறுவத்திலை மட்டும் ஏன் அண்ணை?"

"மற்ற நாளிலை பவுசர் ரோட்டு வேலையிலை நிக்கும். போயாவுக்குத்தான் லீவு. நிலவைப் பற்றி எனக்குத் தெரியாது தம்பி."

"கதிர்காமு வளவுக்கு?"

"அங்கை ஆர் இருக்கினம், எனக்குக் கேற்றுத் திறந்துவிட?"

சிவகரன் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டான். பழுதென்று தள்ளிய கிணறு ஒன்றுதான் இவ்வளவு நாளும் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கோட்டின் நினைவு வந்தது. நல்ல நீலம்.

"பேசாமல் போய் வாசிச்சுப்போட்டு வாவன்," என்றார் தாய் மெதுவாக. "ஜேர்மன்காரன் வந்து எங்கடை தண்ணியைக் குடிச்சே பாக்கப் போறான்?"

அவனுக்கும் அது ஒரு கணம் நியாயமாகத்தான் பட்டது. பிறகு தலையை ஆட்டினான். "ஏலாது அம்மா. இதை வாசிச்சிட்டு எங்கையோ ஒரு ஊரிலை நிலவைப் பாத்துக் கிணறு வெட்டுவினம்."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதித் தரவா என்று கைபேசியில் அவர் கேட்டார். வேண்டாமென்று, அவனே இரண்டு வரியில் எழுதி அனுப்பினான்: நிலவின் மேல் குற்றமில்லை, கிணறுகளுக்குப் பவுசரில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், பார்க்காமல் எழுதியது நான்.

"அப்ப எங்கடை கிணறு இனிச் சிவப்பே?" என்று கேட்டார் தாய்.

"ஓம்."

"இராசமணியின்ரை?"

"அதுவும்தான்."

சரோஜினிதேவி சற்று யோசித்தார். "அப்ப பரவாயில்லை. வின்சன்ற், மிச்சத்தைத் தொட்டிக்கை விடும். குடிக்கிற தண்ணி முடியப்போகுது."

சிவகரன் தன் கையிலிருந்த வெறும் கோப்பையைப் பார்த்தான். தாய் வேறு பக்கம் பார்த்தார்.

"அவருக்குச் சொல்லிப்போட்டியே? பாவம், அந்த மனிசனும் எவ்வளவு பாடுபட்டது."

சொல்லியிருந்தான். அவர் அக்கணமே மன்னிப்புக் கேட்டு, மிக நுட்பமான அவதானிப்பு என்று அவனைப் பாராட்டி, பவுசரின் விளைவு பற்றிப் புதுக் கட்டுரை ஒன்று எழுதட்டுமா என்று விசாரித்திருந்தார்.

"அவர் கோவிக்கேல்லை அம்மா."

"தங்கமான மனிசன். வாறமுறை கட்டாயம் கூட்டிக்கொண்டு வா."

சிவகரன் கிணற்றடி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு பவுசரின் முன் இருக்கையில் ஏறினான். மிச்ச வீடுகளுக்கு விசயத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளி வாயில் விட்டுப் பார்க்கவும் வேண்டும். போய் இறங்கிய முதல் வீட்டிலேயே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்கள்.