பதினெட்டு நாளும் மூன்று புள்ளியும்

விடியற்காலை ஐந்து மணிக்கே பாய்ஷான் கல்குவாரியில் வாயெல்லாம் புழுதி. உறைந்துபோன பிரேக் குழாயில் வெந்நீர் ஊற்றி இளக்கிவிட்டு சியூமெய் நிமிர்ந்தாள். விரல்நுனிகள் வெடித்து ரத்தம் கசிந்தது. எடைமேடையில் நின்ற அவளுடைய டிரெய்லரில் பொக்லைன் கல்லைக் கொட்டக் கொட்ட, டயர்கள் பிதுங்கின. பலகையில் எண் எழுந்தது. எழுபத்திரண்டு டன். சாலையில் அனுமதி நாற்பத்தொன்பது.

அவள் ஏறவில்லை.

லைசென்ஸுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு புள்ளி; விதியை மீறினால் கழிப்பார்கள். பாரம் பாதிக்கு மேல் கூடினால் ஆறு, பாதியை நெருங்கினால் மூன்று போய்விடும். வசந்தத்தில் அப்படி ஆறு போனது, கோடையில் இன்னும் மூன்று. மிச்சம் மூன்றுதான். இன்னொரு முறை பிடிபட்டால் டிரெய்லர் ஓட்டும் தகுதியே பறிபோகும், பத்தொன்பது வருட உழைப்பு மண்ணாகும். புதுப் பன்னிரண்டு வர இன்னும் பதினெட்டு நாள். கல்லை ஏற்றச் சொன்ன முதலாளி கேங்கின் லைசென்ஸில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. என்ன அக்கிரமம் இது.

"முதலாளி, இருபத்துமூணு டன்ன இறக்கச் சொல்லுங்க. பதினெட்டு நாளைக்கு மட்டும்."

"அபராதத்த நான்தான கட்டறேன்? உனக்கு எங்க வலிக்குது?"

"பணம் உங்க பையிலேர்ந்து போகுது. புள்ளி என் லைசென்ஸ்லேர்ந்து போகுதே."

"கேமராவுல விழுந்தா வாட்ச்மேன் ஃபாங் பேர்ல எழுதிடலாம். எப்பவும் பண்றதுதான?"

"எடைச்சாவடில நிறுத்திப் பிடிச்சா மூஞ்சியப் பாப்பாங்க முதலாளி. என் மூஞ்சியும் ஃபாங் அண்ணன் மூஞ்சியும் ஒண்ணா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கேங்கின் கழுத்து சிவந்தது.

"சாவியக் கொடுத்துட்டு நடையக் கட்டு. மியாவ், உனக்குப் பன்னிரண்டும் முழுசா இருக்கில்ல? இவ வண்டிய எடு."

பக்கத்து வண்டியில் ஆவி ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த மியாவ் கீழே இறங்கினான். போன மாதம் இதே இடத்தில் டிரைவர் ல்வான் நின்றதை அவன் பார்த்தவன். பன்னிரண்டும் போன மறுநாளே, லாரி கழுவக்கூட வைத்துக்கொள்ளாமல் அவரை விரட்டினான் இந்த கேங்.

"என் பன்னிரண்டு என்னோடது முதலாளி. உங்க கல்லுக்குத் தீனி போட வெச்சிருக்கல."

வாசலில் நாற்காலி கிறீச்சிட்டது. விபத்தில் இடுப்பு உடைந்தபின் மூன்று வருடமாக அதிலேயே கிடந்த ஃபாங், தடியை ஊன்றி எழுந்து வந்தார்.

"நான் ஸ்டியரிங்கத் தொட்டு மூணு வருஷமாச்சு. இந்த வருஷம் மட்டும் என் லைசென்ஸ்ல ஒம்பது புள்ளி போயிருக்கு. சிவப்பு விளக்கத் தாண்டினேனாம். என் நாற்காலியா தாண்டிச்சு?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஃபாங் திரும்பிப்போய் வாசல் தடுப்புக்கட்டையை இறக்கிப் பூட்டினார்.

"உன்னையும் சேத்துத் துரத்துறேன்யா."

"துரத்துங்க. அடுத்த புள்ளிய யார் தலைல கட்டுவீங்க?"

ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாலு வண்டிகளின் எஞ்சின்களும் நின்றன. யாரும் சொல்லாமலே பொக்லைன்காரர் வாளியை சியூமெயின் டிரெய்லருக்குள் இறக்கி, கல்லை அள்ளித் திரும்பக் குவியலில் கொட்டினார். பலகையில் அறுபத்தொன்பது. அறுபத்தாறு.

கேங் குரலைத் தணித்தான். "சரி சியூமெய், பதினெட்டு நாள் எடுத்துக்க. உனக்கு மட்டும். மத்தவங்கள வண்டிய எடுக்கச் சொல்லு."

அவள் மியாவைப் பார்த்தாள், ஃபாங்கைப் பார்த்தாள். இந்த மூன்று புள்ளிக்காக, தான் மட்டும் தப்பித்தால் போதும் என்றுதானே சற்றுமுன் கெஞ்சினாள்.

"அது அப்ப கேட்டது முதலாளி. இப்ப நாங்க எல்லாரும் கேக்கறோம். எல்லா வண்டிக்கும் நாப்பத்தொம்பது. எல்லா நாளும்."

கேங் போனை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வேறு ஓட்டுநர்களை அழைக்கிறானோ, ஆளை ஏவுகிறானோ, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் நகரவும் இல்லை. எல்லாரும் எடைமேடையைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நின்று பலகையைப் பார்த்தார்கள்.

"அம்பத்திரண்டு" என்றான் மியாவ்.

"இன்னும் மூணு டன்" என்றாள் சியூமெய், பொக்லைன்காரரைப் பார்த்து. "இறக்குங்கண்ணே."