இழுப்பு

டாக்டரம்மா கேள்வி கேட்கக் கேட்க நான் நாற்காலியில் குறுகிக்கொண்டே போனேன். குறைமாதமா, ஆபரேஷனா, தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள். மடியில் பத்து மாதப் பெண் விசில் ஊதுவதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியெல்லாம் என் வயிற்றையும் மார்பையும் பற்றியே இருந்ததால் குற்றவாளி நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர், சோபா தைக்கிறவர். குழந்தையின் இருமலுக்குக் காரணம் தேடி அவர் செய்யாத காரியம் இல்லை. படுக்கையறைச் சுவரில் பூத்திருந்த பூஞ்சையைச் சுரண்டினார். பஞ்சுத் தலையணைகளைத் தூக்கி எறிந்தார். நான் ஆசையாக வளர்த்த பூனையைப் பையில் போட்டு, "கொழந்தையவிட பூனை பெருசா?" என்று வசனம் பேசி, அவர் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அப்பன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நானும் பூரித்துப்போனேன். நான் உண்டானபோதே என் வயிற்றில் கை வைத்து, "இனிமே சிகரெட்டத் தொட்டா நான் மனுஷனே இல்ல" என்று சத்தியம் செய்தவர். அன்றிலிருந்து வெறும் பெப்பர்மின்ட் மிட்டாய்தான். வீட்டுக்குள் நுழையும்போதே மணக்கும்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"வீட்ல யாருக்காவது இழுப்பு உண்டா?"

அவர் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு இழுப்புதான் டாக்டர். அதுவும் மொட்டை மாடில. சட்டைய நல்லா ஒதறிட்டுதான் கீழ வருவேன்."

பேனா நின்றது.

"நான் கேட்டது மூச்சிழுப்பு, சார்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது. சிரிப்பதா, நாலு சாத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒதறினா சிகரெட் புகை போகாது சார். சட்டையில, முடியில, கையில ஒட்டிக்கிட்டு வரும். இவ வயித்துல இருந்தப்பவே பாதிப்பு ஆரம்பிச்சிருக்கும். இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா உங்க கையில இருக்கறது இது ஒண்ணுதான்."

வெளியே வந்ததும் நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அந்தப் பூனை என்னங்க பாவம் பண்ணிச்சு?"

வயிற்றில் வைத்த அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, காலர், விரல், தலைமுடி என்று முகர்ந்து பார்ப்பேன். அதில் தேறினால்தான் குளியல், அதன் பிறகுதான் குழந்தை. நேற்றும் முகர்ந்தேன். ரெக்சின் வாசனை, பஞ்சு வாசனை, வேர்வை. பெப்பர்மின்ட் வாசனையைக் காணோம். நம்பலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், இடுப்பிலிருந்த மகள் எட்டி அவர் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். என்னைப் போலவே மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.