கன்னத்து மடிப்பு

"இந்தச் சாவிக்குப் பூட்டு எங்க இருக்குன்னு தெரியற வரைக்கும் நீ வேலைக்குப் போக வேண்டாம்."

கடைக்காரர் இதைச் சொன்னபோது மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் அப்படியே நின்றாள். அப்பாவின் உள்ளங்கையில் ஒரு சாவி இருந்தது. முந்தின நாள் அம்மா, இறந்துபோன அத்தையின் கைப்பையைக் கவிழ்த்துத் தட்டியபோது, கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து விழுந்த சாவி அது.

"சாவிக்கும் என் வேலைக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"உன் அத்தை போன வழியிலதானே நீயும் போற? அந்த வழி எங்க போய் முடியுதுன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

கடைக்காரர் விற்பது பூட்டு, தாழ்ப்பாள், ஆணி, கீல். சாவியைப் பற்றி அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது பெட்டிச் சாவி இல்லை, பீரோ சாவியும் இல்லை, ஓர் அறைக் கதவின் சாவி என்று முடிவு சொல்லிவிட்டார். அடிக்கடி பயன்பட்டதால் அதன் பற்கள் மழுங்கிப் பளபளத்தன. அந்தப் பளபளப்புதான் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. வீட்டிலுள்ள எல்லாப் பூட்டுகளிலும் நுழைத்துப் பார்த்தார். மாடிக் கதவில் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போன நேரமாகப் பார்த்து அவர் கதவிலும் ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தார். மனைவியை இழந்து தனியாக இருந்த அந்த மனிதர், துக்கம் கேட்க வந்த அன்று கொஞ்சம் அதிகமாகவே அழுதார் என்பது கடைக்காரரின் கணக்கு.

அத்தை, கடைக்காரருக்கு அக்கா. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துவிட, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அன்று தம்பி பெருந்தன்மையோடு வேலைக்கு அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "வேலை, வீடு, பிரார்த்தனைக் கூடம். இந்த மூணு இடத்தைத் தவிர நாலாவது இடத்துல உன் கால் படக்கூடாது அக்கா. ஊர் வாய் பொல்லாதது." ஊர் வாயைத் திறக்கவே இல்லை. தம்பி முந்திக்கொண்டார். வீட்டுக்கு மாடி எழுந்தது அக்காவின் சம்பளத்தில். மாடியில் அக்காவுக்கு அறை இல்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடைவழியில் படுக்கை. தண்ணீர் குடிக்க யார் எழுந்தாலும் அவர் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இருந்தும் அந்த வீட்டில் மகளைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவக் கற்றுக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தது, நர்ஸ் படிப்புக்குத் தம்பியோடு மல்லுக்கு நின்றது எல்லாம் அத்தை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மகள் அத்தையைத் தியேட்டரில் பார்த்தாள். கைகளைக் கழுவி, உறை மாட்டி, எதையும் தொட்டுவிடாமல் நெஞ்சுக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து நின்றார். மேசையில் கிடந்தவர் மயக்கத்துக்குள் போகும் முன் குனிந்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார். பிறகு முகக்கவசத்துக்குள் உதடு மட்டும் பிரார்த்தனை சொல்வதுபோல் அசைந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படித்தான் என்று மற்ற நர்சுகள் சொன்னார்கள். அந்த அத்தையை அன்று மகளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உறை மாட்டியவரைத் தொடக்கூடாது என்பதால் தள்ளியே நின்றாள்.

அத்தை இறந்தது வீட்டுச் சமையலறையில். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் விழுந்தார். "என்ன பொறுப்பு பாருங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கடைக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சாவி விழுந்ததிலிருந்து அந்தப் பாராட்டு நின்றுவிட்டது.

"நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் கடைக்காரரின் மனைவி, முறத்தை வைத்துவிட்டு.

"சொல்லு."

"அண்ணி சாயங்காலம் வருவாங்கல்ல, வாசக் குழாய்ல கையை நனைச்சு ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் தேய்ப்பாங்க. எதுக்குன்னு ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். கன்னத்துல மடிப்பு. தலையணைத் துணி பதிஞ்சா வருமே, அது. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல. வருஷக்கணக்கா."

ஒரு பெண் பட்டப்பகலில் வீட்டுக்கு வெளியே எங்கோ தலை சாய்த்துவிட்டு வருகிறாள் என்றால், அந்த வீட்டில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

"இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கே!"

"சொல்லியிருந்தா வேலையை விடச் சொல்லியிருப்பீங்க. மாடி பாதியில நின்னிருக்கும்" என்றாள் மனைவி.

கடைக்காரர் சட்டையை மாட்டினார். மூவரும் கிளம்பினார்கள். தெருவில் போகும்போது அவர் கண்கள் மனிதர்களைப் பார்க்கவில்லை, கதவுகளையே பார்த்தன. தையல்காரர் கடையின் பின் கதவு, டாக்டர் வீட்டுப் பக்கவாட்டுக் கதவு, பூட்டியே கிடக்கும் பழைய அச்சகம், எல்லாமே அவருக்கு இப்போது அக்காவைத் தெரிந்த கதவுகளாகத் தோன்றின.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் சாவியைப் பார்த்தவுடனேயே உதட்டைப் பிதுக்கினார். "எங்களது இல்ல. இங்க எல்லாம் நம்பர் பூட்டு."

"அக்கா இங்கேயிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?"

"ஷிப்ட் முடிஞ்ச உடனே. ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க. தம்பி கோவிப்பார்னு ஓடுவாங்க."

கடைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு கொஞ்ச தூரம்தான். ஆனால் அக்கா வந்து சேர இருட்டத் தொடங்கிவிடும். பிரார்த்தனைக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதாகத்தான் சொல்லியிருந்தார். மகளுக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அத்தைக்கு யாராவது ஒருவர் இருந்திருந்தால்தான் என்ன, நல்லதுதானே என்று ஒரு மனம் சொன்னது. அப்படி இருந்தால் நாளையிலிருந்து எனக்குத் தியேட்டர் இல்லை, அத்தை நின்ற இடத்தில் நான் நிற்க முடியாது என்று இன்னொரு மனம் பதறியது. இரண்டையும் சுமந்துகொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள்.

பிரார்த்தனைக் கூடத்தில் கூட்டம் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் ஒருவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி சிஸ்டர் தெரியுமா? தினமும் இங்க பிரார்த்தனைக்கு வருவாங்களா?"

"பிரார்த்தனைக்கா?" காவல்காரர் துடைப்பத்தை நிறுத்தினார். "அந்தம்மா உள்ளே வந்து கும்பிட்டு நான் பார்த்ததில்லையே."

"கேட்டியா?" என்றார் கடைக்காரர் மனைவியிடம். அவர் முகத்தில், சந்தேகம் பலித்துவிட்ட ஒரு மனிதனின் பயங்கரமான திருப்தி இருந்தது. "கேட்டுக்கிட்டியா? கடவுள் பேரைச் சொல்லி…"

காவல்காரரின் கண் அதற்குள் அவர் கையில் இருந்த சாவியில் விழுந்தது. "ஐயா, அது எங்க சாவியாச்சே. உங்க கையில எப்படி வந்துச்சு? யாரு நீங்க?"

"நான் அவங்க தம்பி."

"தம்பியா?" காவல்காரர் நம்பவில்லை. மூவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அவங்களுக்குத்தான் யாருமே இல்லையே."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன்."

கூடத்தின் பின்புறம் ஒரு சாமான் அறை. கடைக்காரர் சாவியை நுழைத்தார். ஒரே திருப்பில் திறந்தது. உள்ளே சுருட்டிய பாய்கள், உடைந்த மின்விசிறி, அடுக்கிய நாற்காலிகள். சுவரோரம் ஒரு மரப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் பழைய திரைச்சீலை ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு தலை அளவுக்குக் குழி. பெஞ்சுக்கடியில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. வேறு ஒன்றும் இல்லை.

"முதல்ல கூடத்துலயே தூணுல சாஞ்சு தூங்கிட்டாங்க" என்றார் காவல்காரர். "கும்பிடற எடத்துல தூங்கலாமான்னு நாலு பேர் சத்தம் போட்டாங்க. எழுப்பினா, கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு. பாவமா இருந்துச்சு, இந்தச் சாவியைக் கொடுத்தேன். எனக்கும் சந்தேகந்தான். எதையாவது தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு சன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். காலை நீட்டினாங்க, தூங்கினாங்க. அவ்வளவுதான். ஒருநாள் கேட்டேன், ஏம்மா, கும்பிட மாட்டீங்களான்னு. 'காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே அதைத்தான் பண்ணிட்டு வர்றேன். இந்தக் கடவுள் ஒருத்தர்தான் எங்கிட்ட ஒண்ணும் கேக்காம தூங்க விடறார்'னாங்க. வீட்டுல போய்த் தூங்குங்களேன்னேன். சிரிச்சாங்க. சரி, வீடு வாசல் இல்லாதவங்க போலன்னு விட்டுட்டேன்."

மகள் பெஞ்சின் மேல் உட்கார்ந்து அந்தத் திரைச்சீலையைத் தொட்டாள். அத்தையின் சோப்பு வாசனை அதில் இருந்தது. அவள் அழுதாள். வெட்கப்படாமல் சத்தமாக அழுதாள்.

கடைக்காரரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். "நல்லவேளை!" என்றார். "ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. ஒண்ணும் தப்பா இல்ல. மானம் தப்பிச்சுது." பிறகு பழக்கதோஷத்தில் கதவின் பக்கம் குனிந்து பூட்டை ஆராய்ந்தார். "நல்ல பூட்டு. இப்ப இந்தச் சரக்கு வர்றதில்ல."

அவர் மனைவி திரைச்சீலையில் இருந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் வெளியே வந்ததும் அவள்தான் கதவைப் பூட்டினாள்.

"சாவியைக் கொடுத்தாச்சா?" என்றார் கடைக்காரர், தெருவுக்கு வந்த பிறகு.

"கொடுத்தாச்சு" என்றாள்.

அவள் கை மூடியிருந்ததை மகள் பார்த்தாள். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

நினைவுக் கூட்டம் அதே பிரார்த்தனைக் கூடத்தில் நடந்தது. கடைக்காரர் எழுந்து பேசினார். "எங்க அக்கா வேலை, குடும்பம், பக்தி மூணையும் தராசு மாதிரிப் பிடிச்சாங்க. ஒரு தட்டு ஏற விட்டதில்ல, ஒரு தட்டு இறங்க விட்டதில்ல. ஒருநாள் களைப்புன்னு ஒரு வார்த்தை சொல்லி நாங்க கேட்டதில்ல." வந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். இப்படி ஒரு பெண் இனிப் பிறக்கப் போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற காவல்காரர் மட்டும், இது வேறு யாரையோ பற்றிய பேச்சு என்பதுபோல் விழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்காரர் மகளைக் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து வேலைக்குப் போ. வேலை, வீடு, பிரார்த்தனைக் கூடம். அத்தை மாதிரியே இருக்கணும்."

"வேலைக்குப் போறேன்ப்பா. அத்தை மாதிரி இருக்க மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"களைப்பா இருந்தா இங்கேயே உட்காருவேன்னு சொன்னேன்."

மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் சமையலறைக்குள் போகவில்லை. கூடத்தில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டினாள். அந்த வீட்டில் பெண்கள் உட்கார்ந்தால் அரிய, மடிக்க, தைக்க என்று ஏதாவது ஒன்றுக்காகத்தான் உட்காருவார்கள். வெறுமனே உட்கார்ந்த முதல் ஆள் அவள். கடைக்காரர் முறைத்தார். முறைத்தும் ஒருத்தி எழுந்திருக்கவில்லை என்பதும் அவருக்கு அந்த வீட்டில் புதிது. அம்மா சமையலறை வாசலில் நின்று மகளைப் பார்த்தாள், இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்பதுபோல். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் கடைக்காரர் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. மகள்தான் நாற்காலியில் இருந்தாள்.

"உங்கம்மா எங்க?"

"தெரியலப்பா. பிரார்த்தனைக் கூடத்துக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"அவளா? அவ என்னிக்குக் கும்பிட்டா?"

அவர் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கதவு மூடியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார். டீ வரவில்லை. தானாக வராது என்று தெரிந்தும் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்கே வந்தார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் வந்தாள். அவசரமில்லாத நடை. வாசல் குழாயைத் திறந்து கால்களை மட்டும் கழுவினாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் இடது கன்னம் தெரிந்தது. கண்ணோரத்திலிருந்து தாடை வரை, திரைச்சீலையின் மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது.

"எங்க போயிட்டு வர்ற?" என்றார் கடைக்காரர்.

"அண்ணி போன இடத்துக்கு."

உள்ளே நாற்காலியில் இருந்த மகள் தன் காலை இறக்கி, அந்த இன்னொரு நாற்காலியை அம்மாவின் பக்கம் தள்ளினாள். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையை நனைத்துக் கன்னத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மடிப்பு மறைந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பார்த்தவள் அவள். குழாயை மூடினாள். அந்தக் கன்னத்தைக் கணவர் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, அவரைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்தாள்.